133 பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது?

மார்த்தாண்டம் அருகே குறள் வகுப்பு நடத்தும் ஒரு வாசகர், அதிகாரத்துக்கு ஒருவராக 133 பிள்ளைகளைப் பயிற்றுவித்திருக்கிறார். அவர்களைச் சம வரிசைகளில் உட்காரவைக்க வழி என்ன என்றும், எந்த இரண்டு அதிகாரங்களும் ஒரே ஒருமுறை சந்திக்கும்படி கலந்துரையாடல் குழுக்கள் அமைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு விடை எளிது. 133 பகா எண் அன்று. 7, 19 என்ற இரு பகா எண்களின் பெருக்கல். ஆகவே சதுரமாக அமையாது. ஏழு வரிசையில் பத்தொன்பது பேர், அல்லது பத்தொன்பது வரிசையில் ஏழு பேர் என்பவை மட்டுமே வழி. நான் முன்னதையே பரிந்துரைப்பேன். அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் முதல் இரண்டு வரிசைகளையும், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்கள் மீதி ஐந்து வரிசைகளையும் மிச்சமின்றி நிரப்பும். கன்னியாகுமரிக் கடலில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் 38 அடிப் பீடமும் 95 அடி உருவமும் இதே பிரிவைக் கொண்டவை.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. 133 என்பது 11-இன் வர்க்கத்தோடு 11-ஐயும் 1-ஐயும் கூட்டினால் வரும் எண். 11 பகா எண்ணாக இருப்பதால், பன்னிருவர் கொண்ட 133 குழுக்களை நீங்கள் விரும்பியபடியே அமைக்கலாம். மொத்தம் 8778 இணைகள். ஒரு குழுவில் 66 இணைகள். வகுத்தால் சரியாக 133 வருகிறது. ஆனால் கணக்கு சரியாக வகுபடுவதால் மட்டும் அமைப்பு கிடைத்துவிடாது: 10-ஐ வைத்து இதே வகையில் பெறப்படும் 111-க்கு இத்தகைய அமைப்பு இல்லை என்பது 1989-இல் கணினியின் துணையோடு நிறுவப்பட்டது. நமக்கு வேண்டிய சுழல் அமைப்பு, அதாவது ஒரு குழுவை நகர்த்தியே மற்றக் குழுக்களைப் பெறும் அமைப்பு, உண்டு என்பதை 1938-இலேயே கணிதவியலாளர் ஜேம்ஸ் சிங்கர் காட்டிவிட்டார்.

முதல் குழுவில் 1, 2, 4, 13, 21, 35, 39, 82, 89, 95, 105, 110 ஆகிய அதிகாரங்களை வையுங்கள். அடுத்த குழுவுக்கு ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டுங்கள்; 133-ஐத் தாண்டினால் 133-ஐக் கழித்துவிடுங்கள். இந்தப் பன்னிரண்டு எண்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றிவரும் இடைவெளிகளாக 1 முதல் 132 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை மட்டுமே வருகின்றன. அதனால்தான் எந்த இணையும் விடுபடுவதுமில்லை, இரட்டிப்பதுமில்லை. சோதிக்க விரும்பினால், மருந்தும் (95) உழவும் (104) ஒன்பது தள்ளியிருக்கின்றன. முதல் குழுவில் அந்த இடைவெளி 4-க்கும் 13-க்கும் இடையே மட்டுமே உள்ளது. ஆகவே 91-ஐக் கூட்டிப் பெறும் 92-ஆம் குழுவில்தான் இவ்விரண்டும் சந்திக்கும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. எந்த இரண்டு குழுக்களை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுவாக ஒரு பிள்ளை இருந்தே தீரும். எனவே இரு குழுக்களை ஒரே நேரத்தில் நடத்த இயலாது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக நடத்தினால் 67 நாட்களில் முடித்துவிடலாம். ஒரு பிள்ளை மொத்தம் பன்னிரண்டு அமர்வுகளுக்கு வந்தால் போதும்.