மூலிகை கேப்சூல் அடைப்பைக் கரைக்குமா?

கேள்வி: டாக்டர், எங்கப்பாவுக்கு ஆஞ்சியோகிராம்ல ஒரு ரத்தக்குழாய்ல 50 சதவீத அடைப்புன்னு வந்துச்சு, ஸ்டென்ட் வேணாம் மாத்திரை போதும்னுட்டாங்க. இப்ப பூண்டு, மஞ்சள் கேப்சூல் வாங்கி வச்சுக்கிட்டு "இது செடியிலருந்து வர்றது, சைடு எஃபெக்ட் கிடையாது, அடைப்பைக் கரைச்சிடும், கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை எதுக்கு"ங்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாதும்மா. இதை அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க.

'கரைக்கும்'னு நினைக்கிறதுலதான் எல்லாக் குழப்பமும். பைப்புக்குள்ள பிசுக்கு ஒட்டியிருக்க மாதிரி நினைச்சுக்கிறாங்க, ஆனா அடைப்பு இருக்கிறது குழாயோட சுவருக்குள்ள. எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் சுவரோட உள் அடுக்குல புகுந்து ஆக்சிடைஸ் ஆகுது, அதை விழுங்க வர்ற வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி ஊதி அங்கயே சாகுது, அதைச் சுத்தி அழற்சி, நார்த்திசு, கால்சியம்னு வருஷக்கணக்குல சேருது. மேல மெல்லிசா ஒரு மூடி, அது கிழிஞ்சா அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு ஹார்ட் அட்டாக். 50 சதவீத அடைப்புலயும் இது நடக்கும், அதனாலதான் மாத்திரை விஷயத்துல இவ்வளவு கண்டிப்பா சொல்றேன். எல்டிஎல்லை இறக்கணும், அழற்சியை அடக்கணும், இதுதான் வேலை.

செடிகள்ல இதுக்கு ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. தாவர ஸ்டெரால், அதாவது செடிகள்ல இருக்க கொலஸ்ட்ரால் மாதிரியான பொருள், ஒரு நாளைக்கு 2 கிராம் போனா குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதைத் தடுத்து எல்டிஎல்லை 8-10 சதவீதம் குறைக்கும். மரமஞ்சள் மாதிரி செடிகள்ல இருக்க பெர்பெரின், கல்லீரல்ல எல்டிஎல்லைப் பிடிக்கிற ரிசெப்டரைக் கூட்டி அதை ரத்தத்துல குறைக்குது, ஆனா வேற மாத்திரைகளோட அளவையும் ரத்தத்துல ஏத்திவிடும். குக்குலு பிசின் மேல பெரிய நம்பிக்கை இருந்துச்சு, 2003ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல பார்த்தா அதைச் சாப்பிட்டவங்களுக்கு எல்டிஎல் கொஞ்சம் ஏறிடுச்சு, சிலருக்குத் தோல்ல தடிப்பும் வந்துச்சு.

அப்பா வாங்கின பூண்டும் மஞ்சளும்கூட நேரடியா சோதிச்சதுதான். 2022ல வெளியான ஆய்வு அது, 28 நாள், ஒரு குரூப்புக்கு 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டேட்டின்ங்கிற ஸ்டேட்டின், மத்தவங்களுக்குப் பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை மாதிரி சப்ளிமென்ட், இன்னொரு குரூப்புக்கு மருந்தே இல்லாத மாத்திரை. ஸ்டேட்டின்ல எல்டிஎல் கிட்டத்தட்ட 38 சதவீதம் இறங்குச்சு, சப்ளிமென்ட் எதுவும் அந்த வெத்து மாத்திரையைவிட எல்டிஎல்லைக் குறைக்கல.

செடியிலருந்து வந்து இதய நோய்ல பெரிய ஆய்வுகளைத் தாண்டினதுன்னா கோல்சிசின்தான். காலங்காலமா கவுட்ங்கிற மூட்டு வலிக்குக் கொடுக்கிற மருந்து, கொலஸ்ட்ராலை அது தொடாது, அழற்சியை அடக்கும். 2020ல வந்த ஆய்வுல நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேர், தினம் அரை மில்லிகிராம், மாரடைப்பு மாதிரி ஆபத்துகள் 31 சதவீதம் குறைஞ்சுது. அமெரிக்காவுல 2023ல இதுக்கு அனுமதியும் கொடுத்தாங்க. ஆனா 2024ல வந்த இன்னொரு பெரிய ஆய்வுல, மாரடைப்பு வந்த உடனே ஆரம்பிச்சவங்களுக்குப் பலன் தெரியல, அதனால யாருக்குக் கொடுக்கணும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், கிட்னி பலவீனமா இருந்தா இன்னும் ஜாக்கிரதை. இதே கோல்சிசின் செங்காந்தள் கிழங்குலயும் இருக்கு, அந்தக் கிழங்கைத் தின்னா உயிரே போயிடும். செடியிலருந்து வந்தா சைடு எஃபெக்ட் கிடையாதுன்னு சொல்றவங்ககிட்ட தயவுசெஞ்சு இதைச் சொல்லுங்க.

அந்தக் கேப்சூல் டப்பாவை அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆஸ்பிரின் சாப்பிடறவங்க பூண்டு கேப்சூலும் சேர்த்தா ரத்தக்கசிவு கூடலாம். அப்புறம் அப்பா ஏன் ஸ்டேட்டினை விடணும்ங்கிறார்னு மெதுவா கேட்டுப் பாருங்க. தசை வலி இருந்து சொல்லாம இருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான். டோஸைக் குறைக்கலாம், வேற ஸ்டேட்டின் மாத்தலாம், எசெட்டிமைப்ங்கிற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை சேர்க்கலாம், வழி இருக்கு, டாக்டர்கிட்ட சொன்னா போதும்.