ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்?

கேள்வி: என் தங்கை டாக்டர் சொல்லி எடை குறைக்கும் ஊசி போடுகிறாள், நன்றாக இளைத்துவிட்டாள். பிற்காலத்தில் ஏதாவது வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நானும் போடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பயம் நியாயமானதுதான். எடை குறைக்கும் பழைய மருந்தான ஃபென்ஃப்ளூரமைன் இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, லோர்காசெரின் என்ற இன்னொரு எடை குறைப்பு மருந்தும் அனுமதி கிடைத்து எட்டு வருடம் கழித்து 2020-ல் புற்றுநோய் சந்தேகத்தில் போனது.

அதற்காக, இப்போது எடை குறைக்கப் போடும் ஊசி மருந்தான செமாக்ளூடைடையும் அதே கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம், சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 20 சதவீதம் குறைந்தன. ஆனால் அவர்கள் எல்லோரும் 45 வயது தாண்டியவர்கள், கல்யாணத்துக்கு முன் இளைக்க நினைக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது (விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்).

எனக்குப் பெரிய கவலை, நிறுத்திய பிறகு நடப்பதுதான். ஒரு ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, அதனால் தங்கையைப் பருப்பு, முட்டை, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி எதையும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். பித்தப்பைக் கல் வர வாய்ப்பும் கூடுகிறது, வயிற்றின் வலது மேல்பக்கம் கடுமையாக வலித்தால் வாயு என்று விட்டுவிடக் கூடாது.

நீங்கள் போடலாமா? சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமல் நாலைந்து கிலோவுக்காக என்றால், வேண்டாம்.