பிரின்டர் மலிவு, மை தங்க விலை: வாங்குபவர் கேள்வி-பதில்

கேள்வி: மகளின் பள்ளி வேலைகளுக்காகப் போன வருடம் 3,800 ரூபாய்க்கு இங்க்ஜெட் பிரின்டர் வாங்கினேன். கம்பெனியின் மை நிரப்பிய கார்ட்ரிட்ஜ், கருப்பு மட்டும் 900 ரூபாய்க்கு மேல். அதனால் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை 350 ரூபாய்க்கு வாங்கிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் பிரின்டர் தானாக ஏதோ அப்டேட் செய்துகொண்டது. மறுநாள் முதல் அந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க மாட்டேன் என்கிறது. காசு கொடுத்து வாங்கிய என் பொருளில் என்ன மை போடுவது என்று அவர்கள் எப்படித் தீர்மானிக்கலாம்? (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் விரல் நக அளவுகூட இல்லாமல், செம்பு நிறக் கட்டங்களோடு ஒரு சின்னத் தகடு இருக்கும். அதுதான் சிப். எவ்வளவு மை மிச்சம் என்பதோடு, கார்ட்ரிட்ஜ் யாருடையது என்பதையும் பிரின்டருக்குச் சொல்வது அதன் வேலை. அப்டேட் வந்ததும் பிரின்டர் கேட்கும் கேள்வி மாறிவிடுகிறது. வெளிக் கம்பெனி சிப்புக்கு அதற்குப் பதில் தெரியாது. மற்றபடி மையில் எந்தக் கோளாறும் இல்லை.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2016 செப்டம்பர் 13 அன்று உலகம் முழுக்கப் பல ஹெச்பி பிரின்டர்கள் ஒரே நாளில் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை மறுத்தன. எதிர்ப்பு கிளம்பியதும், சரியாகத் தெரிவிக்காததற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த முறையைக் கைவிடவில்லை. வாங்குபவருக்கு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020-இல் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஒரு பேட்டியில் உள்ளதைச் சொன்னார்: பிரின்டர் விற்பது தங்களுக்கு முதலீடு, தங்கள் மையை வாங்காத வாடிக்கையாளர் மோசமான முதலீடு. பிரின்டரைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, லாபத்தை மையில் எடுப்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கைக் காப்பதற்காகவே அந்தச் சிப்பை உங்கள் மேசை வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பிரின்டர் செட்டிங்கில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். ஏறிவிட்ட அப்டேட்டைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் நடக்காது, அடுத்ததையாவது தடுக்கலாம். கம்பெனி கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் வீசிவிடாதீர்கள். அசல் சிப் அதில் இருப்பதால், அதையே ரீஃபில் செய்து போட்டால் பெரும்பாலான மாடல்கள் ஏற்கும். அப்புறம், அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் படியுங்கள். "எங்கள் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டுமே வேலை செய்யும்" என்று அதில் எழுதியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். எழுதவில்லை என்றால், மறைத்து விற்றார்கள் என்று நீங்கள் வாதாட இடம் இருக்கிறது. திரையில் வரும் செய்தியைப் படம் பிடித்து, பில்லோடு வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை கடையில் பிரின்டர் விலையைக் கேட்பதற்கு முன் ஒரு பக்கத்துக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். எத்தனை பக்கம் வரும் என்ற கணக்கைக் கம்பெனிகளே வெளியிடுகின்றன. உதாரணத்துக்கு, 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 120 பக்கம் தந்தால் பக்கத்துக்கு 7 ரூபாய் 50 காசு. தெருமுனை ஜெராக்ஸ் கடையே மலிவு! கார்ட்ரிட்ஜுக்குப் பதில் பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரின்டர் வாங்கும்போது சில ஆயிரம் கூடுதல்தான். ஆனால் 450 ரூபாய் மைப் பாட்டில் 4,500 பக்கம் வந்தால் பக்கத்துக்கு 10 காசு. இந்த டேங்க் வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். இந்தோனேசியா போன்ற நாடுகளில் தெருக்கடை மெக்கானிக்குகள் பிரின்டருக்கு வெளியே மைப் புட்டிகளை வைத்து, மெல்லிய குழாய்கள் வழியாக உள்ளே மை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு போட்டி போட முடியாமல்தான் எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் தன் சொந்த டேங்க் பிரின்டரை இறக்கியது. மக்கள் தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள், கம்பெனி பின்னால் வந்தது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு ஆப்பில் சேர்ந்தேன். நான்கு மாதமாக 299 ரூபாய் கழிகிறது. நிறுத்தும் பட்டனே கண்ணில் படவில்லை. (வாசகர், கரூர்)

பதில்: முதலில் ஆப்பை விடுங்கள், பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள். உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போனால் ஒப்புதல் கொடுத்த எல்லாமே வரிசையாக இருக்கும். அங்கேயே ரத்து செய்யலாம். கார்டு என்றால் வங்கியின் ஆப்பில் பாருங்கள். சேர ஒரு பட்டன், விலக ஒன்பது பக்கம் என்று வைப்பதற்குப் பெயர் சந்தாப் பொறி. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. போன பணத்துக்கு, மேலே சொன்ன 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: என் அம்மாவின் மிக்ஸி 22 வருடமாக ஓடுகிறது. என் போன் மூன்றே வருடத்தில் தளர்ந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில், "பேட்டரி மாற்ற 3,500 ஆகும், பேசாமல் புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார்கள். வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சில நேரம், ஆமாம். 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு கம்பெனிகள் கூடி ஒரு கூட்டணி அமைத்தன. குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைப்பது என்று முடிவெடுத்தன. அதைவிட அதிகம் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டார்கள்! நம் காலத்தில், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. அந்தக் காரணம் உண்மையாகவே இருக்கட்டும். பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்? 2020-இல் பிரான்ஸ் இதற்காக 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

உங்கள் அம்மாவின் மிக்ஸி ஜாரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். ஜாரின் அடியிலும் மோட்டாரின் தலையிலும் கப்ளர், அதாவது இரண்டையும் இணைத்துச் சுற்ற வைக்கும் துண்டு, இருக்கும். ஏதாவது இறுகிக்கொண்டால் முதலில் தேய்வதும் உடைவதும் அந்தக் கப்ளர்தான், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். ஐம்பது, நூறு ரூபாய்க்கு எந்த ஊர்ப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும், பத்து நிமிடத்தில் மாற்றலாம். அந்த 22 வருடத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான். போனில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், பேட்டரியை வாங்குபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று, சில விலக்குகளோடு, சட்டம் போட்டிருக்கிறது. இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அங்கே கம்பெனிகளின் சர்வீஸ், உதிரிபாக விவரங்கள் கிடைக்கும். ஆனால் ஐரோப்பாவைப் போலக் கட்டாயப்படுத்தும் சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

உங்கள் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், 3,500 கொடுத்துப் பேட்டரியை மாற்றிவிடுங்கள். இன்னும் இரண்டு வருடம் ஓடும். வரவில்லை என்றால் வங்கி ஆப்களை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எப்படி இருந்தாலும், பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.