பிரிமணையும் பானையும்

கேள்வி: ஆச்சி வீட்டுப் பட்டாசலில் படுத்துக்கொண்டு கேட்ட சொற்களெல்லாம் போய்விட்டன. பிரிமணை, சுளகு, உறி, துட்டு என்று எதைச் சொன்னாலும் என் பேரன் முழிக்கிறான். அந்தக் காலமும் போச்சு, கலப்பில்லாத அந்தத் தமிழும் போச்சு. பத்திரிகைக்காரர்கள் நீங்கள் இதற்கு என்னதான் செய்தீர்கள்? (பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: ஒன்றும் செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? பேரன் முழித்தான் சரி, அப்புறம் அது இன்னது என்று அவனுக்குச் சொன்னீர்களா, இல்லை தலையில் அடித்துக்கொண்டு நேரே எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தால் எனக்கு ஒரு நல்ல சாயங்காலம் கிடைத்தது. பிரிமணை எனக்கும் தெரிந்த சாமான்தான். உருண்டை அடி உள்ள பானை தரையில் நிற்காது, ஆடும், கொஞ்சம் அசந்தால் உருண்டே போகும். அதற்காக வைக்கோலையோ தேங்காய் நாரையோ முறுக்கி, வளையமாகச் சுற்றி, அடியில் வைப்பார்கள். ஆனால் அதை ஏன் பிரிமணை என்கிறோம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அகராதியைப் புரட்டினால், நாம் பேச்சில் தேய்த்த சொல் அது, சரியான வடிவம் புரிமணை. புரி என்றால் முறுக்கு. வைக்கோற்புரியில் இருக்கும் அதே புரி. வலப்பக்கமாக முறுக்கிக்கொண்ட சங்கு வலம்புரி, மூன்று இழையை முறுக்கினால் முப்புரி நூல். மணை நமக்குத் தெரிந்ததுதான், கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைக்கிறோமே, அது, அரிவாள்மணையிலும் அதுவே. ஆக, அடுப்பங்கரை மூலையில் கரி படிந்து கிடந்த அந்த நார் வளையம், முறுக்கிச் செய்து பானைக்குப் போட்ட ஆசனம்! பூஜை அறைச் சங்குக்கும் அதற்கும் ஒரே சொல் உறவு என்று தெரிந்தபோது, யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் இருந்த புரூஃப் பார்ப்பவர் மாட்டிக்கொண்டார்.

அகராதி என்றால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகன். இப்போது இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். உங்களுக்குத் தேடத் தெரியாவிட்டால் பேரனைக் கேளுங்கள், அரை நிமிஷ வேலை அவனுக்கு.

அடுத்து, அந்தக் கலப்பில்லாத தமிழ். உங்கள் பட்டியலிலேயே துட்டு இருக்கிறதே, ஐயா. அது டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக் காசின் பெயர். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள், உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்தான். காசு போய்விட்டது, பெயர் மட்டும் ஆச்சியின் முந்தானை முடிச்சில் தங்கிவிட்டது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. ஆச்சி அவற்றைச் சொன்னபோது யாரும் தமிழ் செத்தது என்று அழவில்லை, உங்கள் பேரன் சார்ஜர் என்றால் மட்டும் அழுகிறீர்கள்.

உங்களுடைய இந்தப் பழைய நினைப்பு ஏக்கத்துக்கு இங்கிலீஷில் 'நாஸ்டால்ஜியா' என்பார்கள், அந்தச் சொல்லின் கதையும் இதே மாதிரிதான். கேட்டால் ஆதி கிரேக்கச் சொல் போல இருக்கும். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்துச் செய்தது அது, ஒரு நோய்க்குப் பெயராக! அயலூரில் கிடந்து வீட்டை நினைத்தே உருகிப்போகிறவர்களுக்கு வரும் நோய். அதற்கு முக்கிய மருந்தாக அவர் சொன்னது, ஊருக்கு அனுப்பி வையுங்கள் என்பதுதான். உங்களை எந்த ஊருக்கு அனுப்புவது? பாளையங்கோட்டையில்தானே இருக்கிறீர்கள்! நீங்கள் போக நினைக்கும் இடம் எட்டு வயது. அதற்கு டிக்கெட் கிடையாது, தமிழைக் குறை சொல்லியும் கிடைக்காது.

பிரிமணை ஏன் போனது என்று பாருங்கள். பானைக்குத் தட்டையான அடி வந்தது, அதனால் போனது. எவர்சில்வர் குடம் வந்த அன்று என் அம்மா பழைய பித்தளைக் குடங்களை எடைக்குப் போட்டுவிட்டு இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தாள், புளி போட்டுத் தேய்த்த கை அவளுடையது. எனக்கு அந்தக் குடங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன, ஏனென்றால் நான் ஒரு நாளும் தேய்க்கவில்லை.

சொல் முழுக்கப் போய்விடவும் இல்லை. போன சித்திரையில் அலுவலகத்துக்கு மண்பானை ஒன்று வாங்கப் போனோம். விலை பேசி முடித்ததும் கடைக்கார அம்மாள், "பிரிமணை இருக்கா, இல்ல சேர்த்துத் தரட்டுமா?" என்றார். எங்கள் உதவி ஆசிரியர், தமிழ் எம்.ஏ., என் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு அது பழைய நினைவு இல்லை, இருபது ரூபாய் வியாபாரம்.

ஒரு விஷயம் கேட்க விட்டுப்போயிற்று. ஆச்சி வீட்டுப் பிரிமணையை எழுதினீர்கள், அதை யார் முறுக்கினார்கள், வைக்கோலா நாரா, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். பேரனையே டைப் அடிக்கச் சொல்லுங்கள்.