160, 80, 40 மீட்டர் ஆன்டெனா: கேட்டதும் சொன்னதும்

அமெச்சூர் ரேடியோவில் கீழ் பேண்ட் (160, 80, 40 மீட்டர் அலைநீளம்) ஆன்டெனா பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களுக்கு ஒரே பதில்.

கேள்வி: 80 மீட்டர் டைபோலை (நடுவில் கேபிள் மாட்டிய படுக்கை வயர் ஆன்டெனா) 8 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறேன் சார். பக்கத்து ஊர்க்காரர்கள் நன்றாகக் கேட்கிறார்கள், கண்டம் தாண்டி ஒருவர்கூடக் கேட்பதில்லை. வயர் சரியில்லையா?

வயர் சரிதான், உயரம்தான் போதவில்லை. 80 மீட்டர் அலைக்கு 8 மீட்டர் என்பது அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த உயரத்தில் டைபோல் பெரும்பாலான சக்தியை நேர் மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டருக்குள் திரும்பி இறங்கிவிடும். தாழ்ந்த கோணத்தில் தூரத்துக்குப் போக வேண்டுமானால் அரை அலை உயரம் வேண்டும், அதாவது 40 மீட்டர். அது நம்மில் பலருக்கு நடக்காத காரியம். ஆகவே தூரத்துக்கு வெர்டிக்கல், அதாவது செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா ஒன்று போடுங்கள். டைபோலைக் கழற்ற வேண்டாம், பக்கத்து நிலையங்களுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை.

கேள்வி: வெர்டிக்கலுக்கு 120 ரேடியல் (அடியிலிருந்து சுற்றிலும் பரப்பும் வயர்) வேண்டும் என்கிறார்களே?

அது ஒலிபரப்பு நிலையங்களின் கணக்கு. 1937-இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் என்ற மூவர் தரை வயர்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி அளந்து வெளியிட்ட ஆய்வுதான் அதற்கு அடிப்படை. நமக்கு 16 போட்டாலே நல்ல மாற்றம் தெரியும். 30-ஐத் தாண்டினால் நிம்மதியாக இருக்கலாம். 60-க்கு மேல் போடும் வயரைப் பேசாமல் வேறு ஆன்டெனாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் 300 மீட்டர் வயர் இருக்கிறது, 80 மீட்டர் பேண்டுக்கு வெர்டிக்கல் என்று வையுங்கள். 50 மீட்டரில் 6 போடுவதா, 10 மீட்டரில் 30 போடுவதா? யோசிக்காமல் 30 போடுங்கள். ஆன்டெனாவின் அடியைச் சுற்றித்தான் தரை மின்னோட்டம் அடர்த்தியாக ஓடுகிறது, வயரும் அங்கேதான் நெருக்கமாக இருக்க வேண்டும். தரையில் கிடக்கும் ரேடியலை அளந்து ட்யூன் செய்யத் தேவையில்லை, மண்ணே அதன் ட்யூனைக் கலைத்துவிடும். தரைக்கு மேலே தூக்கிக் கட்டும் ரேடியல் என்றால் கால் அலை அளவு பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அப்புறம், எர்த் கம்பி ஒன்றை அடித்துவிட்டு அதுவே ரேடியலுக்குப் பதில் என்று விட்டுவிடாதீர்கள். அது மின்னல் பாதுகாப்புக்கு.

கேள்வி: சொன்னபடி ரேடியல்களைக் கூட்டினேன். முன்பு 1.1 காட்டிய எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா கேபிளோடு பொருந்தும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) இப்போது 1.4 ஆகிவிட்டது! கெடுத்துக்கொண்டேனா?

இல்லை, சந்தோஷப்படுங்கள். கால் அலை வெர்டிக்கலின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாக வெளியே போகும் சக்திக்கான ஓம் கணக்கு, சுமார் 36 ஓம். கேபிளோ 50 ஓம். முன்பு 1.1 காட்டியது என்றால் ஆன்டெனா கிட்டத்தட்ட 50 ஓம், மிச்சம் 14 ஓம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து. 100 வாட் கொடுத்தால் அதில் 28 வாட் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ரேடியல் கூடக் கூட அந்த இழப்பு குறைந்து, அளவு 36-ஐ நோக்கி இறங்குகிறது. 50-ஐ 36-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 1.4. ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் வெறும் மின்தடையான டம்மி லோடுக்குக்கூட எஸ்டபிள்யூஆர் 1.0 தான், அதை வைத்து யாரோடு பேச முடியும்?

கேள்வி: ட்யூனர் (ரேடியோவுக்கு 50 ஓம் போலக் காட்டும் பொருத்தப் பெட்டி) வைத்தால் போதாதா?

ரேடியோவுக்குப் போதும். மண்ணில் போகும் சக்தி அப்படியேதான் போகும்.

கேள்வி: இடம் சின்னது, 10 மீட்டர் கம்பம்தான் இருக்கிறது. 160 மீட்டரை மறந்துவிடலாமா?

மறக்க வேண்டாம். தலைகீழ் எல் கட்டுங்கள்: கம்பத்தோடு 10 மீட்டர் மேலே ஏறி, அங்கிருந்து சுமார் 30 மீட்டர் படுக்கையாக ஓடும் வயர். படுக்கை வயரை நேராக இழுக்க இடமில்லையென்றால் ஓரிடத்தில் வளைத்துக்கொள்ளலாம். இதன் கதிர்வீச்சு மின்தடை 5, 6 ஓம் வரும். அதே 10 மீட்டர் கம்பத்தை அடியில் காயில் (கம்பிச் சுருள்) வைத்து ட்யூன் செய்தால் 1.5 ஓம்தான். தரை இழப்பு 15 ஓம் என்று வைத்தால், எல் வடிவத்தில் கால் பங்கு சக்தி வெளியே போகும். காயில் வைத்ததில் நூற்றுக்கு ஒன்பது, அதிலும் காயிலின் இழப்பை இன்னும் கழிக்கவில்லை. வயரின் கடைசி முனையில் ஆளைச் சுடும் அளவு வோல்டேஜ் இருக்கும், யார் கைக்கும் எட்டாதபடி கட்டுங்கள். மின்கம்பி போகும் பக்கமே வேண்டாம்.

கேள்வி: என்னை எல்லோரும் கேட்கிறார்கள், எனக்குத்தான் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

வாங்குவதற்குத் தனி ஆன்டெனா போடுங்கள். இடம் நிறைய இருந்தால் பீவரேஜ் என்ற ஆன்டெனா: 160 மீட்டர் நீள வயர், ஆளுயரத்துக்குச் சற்று மேலே. தூர முனையில் சுமார் 450 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு, ரேடியோ பக்கம் 9:1 டிரான்ஸ்ஃபார்மர். ரெசிஸ்டர் இருக்கும் திசையிலிருந்துதான் அது நன்றாகக் கேட்கும், சிலர் தலைமாற்றிக் கட்டிவிட்டுத் திட்டுகிறார்கள். இடமில்லையென்றால் திசை பார்க்கும் சிறிய லூப் போதும். சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் முள் படுத்துவிட்டதே என்று பயப்படாதீர்கள். சிக்னல் குறைந்தாலும் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறைகிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் விழுந்தால் கள்ளன் உள்ளேதான், சர்க்யூட்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பிடியுங்கள். பெரும்பாலும் எல்இடி விளக்கோ சார்ஜரோதான். விழவில்லையென்றால் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதை 31 எண் கலவை ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். கேபிளின் வெளி உறை வழியாக வரும் இரைச்சல் அங்கே நிற்கும்.

கேள்வி: டைபோல் அளவு ஒரு வரியில்?

143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். 7.1-க்கு 20.1, 3.6-க்கு 39.7. உறை போட்ட வயர் இதைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் முடியும், ஆனாலும் அரை மீட்டர் கூட்டியே வெட்டுங்கள். மிச்சத்தை மடக்கிச் சுற்றி ட்யூன் பாருங்கள், எல்லாம் சரியான பிறகு நறுக்கலாம்.