வீட்டுச் சூளையில் தொலைநோக்கிக் கண்ணாடி வட்டு: வாசகர் கேள்விகள்

5 மி.மீ. சன்னல் கண்ணாடியை ஆறு அடுக்கு வைத்து உருக்கினால் 8 அங்குலத் தொலைநோக்கி ஆடிக்கு வட்டு கிடைக்குமா?

கிடைக்கும். ஆறையும் ஒரே தகட்டிலிருந்து வெட்டுங்கள். வெவ்வேறு கண்ணாடிகள் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஒட்டிய பிறகு ஒன்றையொன்று இழுத்து விரிசல் விடும். அடுக்கும் முன் கைரேகைகூட இல்லாமல் துடைக்க வேண்டும். 650 டிகிரி செல்சியஸ் பக்கம் ஒரு மணி நேரம் நிறுத்தினால் இடுக்கில் இருக்கும் காற்று ஓரமாக வெளியேறும். அப்புறம் 820 வரை ஏற்றலாம். அந்தச் சூட்டில் கண்ணாடி தேன்போலப் பரவப் பார்க்கும் என்பதால் சுற்றி ஒரு வளையம் தேவை. எஃகு வளையம் என்றால் உட்புறம் பீங்கான் இழைத் தாள் கட்டாயம். ஆறும்போது எஃகு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கி வட்டை நெரித்துவிடும். அந்தத் தாளை வெட்டும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

சூளையை அணைத்து ஓர் இரவு விட்டால் ஆறிவிடாதா?

ஆறும், ஆனால் உள்ளே இறுக்கம் (ஒரு பகுதி இன்னொரு பகுதியை இழுக்கும் விசை) தங்கிவிடும். என் முதல் வட்டை அப்படித்தான் எடுத்தேன். பார்க்க அப்பழுக்கில்லாமல் இருந்தது. நான்காம் நாள் வட்டைக் குழிவாக்க 80 நம்பர் கார்போரண்டம் (சொரசொரப்பான தேய்ப்புப் பொடி) போட்டுத் தேய்க்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். நடுவிலிருந்து விளிம்புவரை பிறைபோல ஒரு விரிசல்.

30 மி.மீ. கனத்துக்கு இப்போது நான் செய்வது: 550 டிகிரியில் 5 மணி நேரம் நிறுத்தம், பிறகு 400 வரை மணிக்கு 5 டிகிரி, அதன் பிறகு மணிக்கு 15 டிகிரி. மொத்தம் 60 மணி நேரம். கனம் இரட்டிப்பானால் இறக்கும் வேகம் நான்கில் ஒரு பங்காக வேண்டும். அமெரிக்காவின் பாலோமர் மலைத் தொலைநோக்கியின் 200 அங்குல ஆடிக்காக 1934 டிசம்பரில் கார்னிங் நிறுவனம் வார்த்த வட்டைப் பத்து மாதம் ஆற்றினார்கள்.

நடுவில் கரண்ட் போனால்?

கதவைத் திறக்காதீர்கள். கரண்ட் வந்ததும் மெதுவாக மறுபடி 550க்கு ஏற்றி முதலிலிருந்து ஆற்றுங்கள். விரிசல் விடாத வட்டு வீணாவதில்லை.

இறுக்கம் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

எல்சிடி கம்ப்யூட்டர் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கிளாஸைத் திருப்பத் திருப்ப ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு வட்டை இடையில் வையுங்கள். வட்டும் இருட்டாகவே இருந்தால் நல்லது. மங்கலான, சீரான சிலுவை வடிவம் தெரிந்தாலும் தேய்க்கத் தொடங்கலாம். ஓரிடத்தில் மட்டும் வெளிச்சத் திட்டு தெரிந்தால் வட்டு மறுபடி சூளைக்குத்தான். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் தயவுசெய்து கார்போரண்டம் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பழைய டீப்பாய் மேல் கண்ணாடி ஆகுமா?

டஃபன்டு கண்ணாடி (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) என்றால் தொடவே வேண்டாம். மேல்பரப்பைத் தேய்த்து உள்ளே போனதும் மொத்தமும் பொடிப்பொடியாகச் சிதறும். அதே திரைச் சோதனையில் அது கோடும் திட்டுமாகத் தெரியும். வாங்கும் முன்பே பார்த்துவிடலாம்.