சக்கரத்தில் மண் அடங்கவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

மண்பாண்டம் வனையும் பயிற்சியில் ஐந்து வகுப்பு முடிந்துவிட்டது. இன்னும் சென்டரிங் (மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவது) வரவில்லை. மின்சக்கரத்தில் மண்ணைத் தொட்டதுமே கை ஆடுகிறது. – வாசகி, தாம்பரம்

ஐந்து வகுப்பில் வராவிட்டால் குறையில்லை. முதலில் பிசைவதைக் கவனியுங்கள். பிசைந்த உருண்டையைக் கம்பியால் அறுத்துப் பாருங்கள். உள்ளே காற்றுக்குமிழோ, ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் இளக்கம் என்ற பேதமோ இருந்தால், எவ்வளவு பலம் கொடுத்தாலும் மண் நடுவில் நிற்காது. 50, 60 தடவை பிசையுங்கள். அளவு 600 முதல் 800 கிராம் போதும்; எடுத்த எடுப்பில் 2 கிலோ வேண்டாம்.

அடுத்தது முழங்கை. இடது முழங்கையைத் தொடையில் அல்லது இடுப்போரம் அசையாமல் ஊன்றுங்கள். அந்தரத்தில் நிற்கும் கையை மண் ஆட்டிவிடும். வலக்கைப் பழக்கமுள்ளவர் சக்கரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் விடுவது வழக்கம். இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி, வலது கையின் ஓரத்தால் மேலிருந்து அமுக்குங்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கட்டும். சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டிய கட்டம் இதுதான். மண்ணை இரண்டு மூன்று முறை கூம்பாக ஏற்றி இறக்குங்கள். கையை எடுக்கும்போது அவசரம் வேண்டாம். சட்டென்று விலக்கினால் அடங்கிய மண் மறுபடி கோணிக்கொள்ளும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சரியாக வந்ததா என்று பார்க்க, ஊசி முனையை மண்ணில் லேசாகப் படும்படி அசையாமல் பிடியுங்கள். சுற்று முழுவதும் ஒரே கோடு விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கீறினால் மறுபடி தொடங்குங்கள்.

சுவர் நான்கு அங்குலம் எழும்பியதும் தொளதொளத்து உட்கார்ந்துவிடுகிறது. – வாசகர், மதுரை

தண்ணீர் கூடிப்போகிறது, நேரமும் கூடிப்போகிறது. தண்ணீர் விரல் வழுக்குவதற்குத்தான். உள்ளே தேங்குவதை, சுவரை விரல்களால் மேலே இழுக்கும் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். மூன்று, நான்கு இழுப்பில் சுவர் எழுந்துவிட வேண்டும். பத்தாவது இழுப்புக்கு மண்ணில் தெம்பு இருக்காது. மண்ணை நடுவில் குழித்துத் திறந்த பிறகு வேகத்தைக் குறையுங்கள். இழுப்பை அடித்தட்டிலிருந்தே தொடங்குங்கள். ஒரு விரற்கடை மேலே தொடங்கினால் அடி கனத்து, வாய் மெலிந்துவிடும்.

முதல் பத்துப் பாத்திரங்களைக் காயவைக்காமல், கம்பியால் நெடுக்காக அறுத்துச் சுவரின் கனத்தைப் பாருங்கள். மனசு கேட்காதுதான். ஆனாலும் எங்கே கை தவறியது என்பது வேறெப்படியும் தெரியாது. சந்தையில் விற்கும் மெல்லிய பானையோடு ஒப்பிட்டுக் கூசவும் வேண்டாம். நம்மூர்ப் பானைகள் பலவும் சக்கரத்தில் கனமாக வனையப்பட்டு, சற்றுக் காய்ந்த பின் உள்ளே கல்லை முட்டுக்கொடுத்து, வெளியே பலகையால் தட்டி மெலிதாக்கப்படுபவை.

காயும்போது கிண்ணத்தின் அடியில் 'எஸ்' எழுத்துப்போல விரிசல் விழுகிறது. – வாசகி, கோவை

அடித்தட்டை அமுக்கி இறுக்காததால் வருவது. மண்ணைத் திறந்ததும் ஊசியைக் குத்திக் கனம் பாருங்கள்; 8 மில்லிமீட்டர் அளவில் நிறுத்துங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்குமாக விரலால் மூன்று நான்கு முறை அழுத்தித் தேயுங்கள். அடியில் நீர் தேங்க விடாதீர்கள். விளிம்பு விறைத்ததும் கவிழ்த்து வைத்து, பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி ஒரு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். மின்விசிறிக்கு அடியில் வைக்கவே கூடாது.

வீட்டு ஓவனில் சுடலாமா? – வாசகர், சேலம்

முடியாது. வீட்டு ஓவன் 250 டிகிரி செல்சியஸ் வரைதான் போகும். களிமண்ணுக்குள் வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறவே 600 டிகிரியை நெருங்க வேண்டும். அதற்குக் கீழே சூடாக்கிய பாத்திரம் தண்ணீரில் ஊறினால் மறுபடி சேறுதான். முதல் சூட்டுக்கு 900 முதல் 1000 டிகிரி வரை வேண்டும். அதனால் சூளை உள்ள பட்டறையில் கொடுத்துச் சுட்டு வாங்குங்கள். கொடுக்குமுன் பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் போகவில்லை. சூளைக்குள் அது நீராவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருப்பவர் பாத்திரமும் சேர்ந்து போகும். என்ன மண் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வேளாரிடம் வாங்கிய கண்மாய் மண்ணை ஸ்டோன்வேர் என்ற, அதிகச் சூட்டில் சுடும் கெட்டிப் பாத்திர வகைக்கான 1200 டிகிரிச் சூட்டில் வைத்தால், உருகிச் சூளையின் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.